காணாது போற்றும் கலை

தமிழில் ஐம்பெருங் காப்பியங்கள் எவை என வினவினால் கீழ்வகுப்பு மாணவனும் தடையின்றி விடையிறுப்பான். சிலப்பதிகாரம், மணிமேகலை, சீவக சிந்தாமணி, வளையாபதி, குண்டலகேசி என்னும் ஐந்து பெயர்களும் அவன் நாவில் வரிசையாக வந்து நிற்கும். இவற்றுள் பின்னைய இரண்டும் முழுமையாகக் கிடைத்தில. பிற்காலத்தார் எடுத்தாண்ட சில செய்யுட்களே அவற்றுள் எஞ்சியுள்ளன. எனினும் முன்னைய மூன்றையும் சொல்லும் அதே குரலில், அதே பெருமிதத்துடன், பின்னைய இரண்டனையும் சொல்கின்றோம். சொல்லுகின்றவர் முன்னைய மூன்றையேனும் ஓதியவரா என்று கேட்பார் இல்லை. ஓதிய நூலுக்கும் பெயரளவில் அறிந்த நூலுக்கும் இடையேயுள்ள வேறுபாட்டை வாய்ப்பாடு மறைத்து விடுகின்றது.

திரைப்படக் கலை தோன்றி ஒரு நூற்றாண்டிற்கு மேலாயிற்று. அதற்கும் இன்று ஐம்பெருங் காப்பியம் போன்ற வாய்ப்பாடுகள் அமைந்துள்ளன. இங்கிலாந்தில் வெளிவரும் 'சைட் அண்ட் சவுண்ட்' என்னும் இதழ், 1952 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை திறனாய்வாளரிடம் கருத்துக் கேட்டு, உலகின் தலைசிறந்த படங்களை வரிசைப்படுத்தி வருகின்றது. 1962 முதல் 2002 வரை 'சிட்டிசன் கேன்' என்னும் படம் முதலிடத்தில் இருந்தது. 2012இல் 'வெர்ட்டிகோ' அவ்விடத்தைப் பெற்றது. 2022இல், ஒரு பெண் தன் வீட்டில் நாள்தோறும் செய்யும் வேலைகளையே மூன்று மணி நேரத்திற்கு மேல் காட்டும் 'ஜான் டீல்மன்' முதலிடம் பெற்றது. இப்பட்டியலை வாசித்தோர் பலர். அதிலுள்ள படங்களை இருந்து பார்த்தோர் சிலர். நம்மவரிடையேயும் 'பதேர் பாஞ்சாலி', 'கம்பெரலிய', 'அந்த நாள்', 'உன்னைப்போல் ஒருவன்', 'வீடு' என்றொரு வரிசை வழங்குகின்றது. மேடையிலும் கட்டுரையிலும் இப்பெயர்கள் தவறாது வரும். சொல்பவர் கண்டது எத்தனை, கேட்டது எத்தனை என்பது மட்டும் தெரியவராது.

இவ்வாறு காணாமலே போற்றப்படும் படங்களைப் பற்றிச் சில கருத்துகளைக் கூறுவதும், அவற்றுள் மட்டக்களப்பு வாவிக்கரையோடு நெருங்கிய உறவுடைய ஒன்றைச் சிறப்பாக ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காணப்படாத படங்களை மூவகையாகப் பகுக்கலாம். அழிந்து போனமையால் காண இயலாதன ஒருவகை. உள்ளனவேனும் கிடைத்தற்கு அரியன மற்றொரு வகை. எளிதிற் கிடைக்கும் நிலையிலிருந்தும் காணப்படாதன மூன்றாம் வகை.

முதல் வகைக்குத் தமிழில் எடுத்துக்காட்டுகள் பலவுள. தென்னகத்தின் முதல் மௌனப்படம் எனப்படும் நடராச முதலியாரின் 'கீசக வதம்' இன்று இல்லை. 1931 ஒக்டோபர் 31இல் வெளியாகித் தமிழின் முதற் பேசும்படம் என்னும் பெயர் பெற்ற 'காளிதாஸ்' படத்தின் படியும் கிடைத்திலது. டி. பி. ராஜலட்சுமி அதில் நடித்தார், எச். எம். ரெட்டி அதனை நெறிப்படுத்தினார் என்னும் செய்திகள் எஞ்சின, படம் எஞ்சவில்லை. ஏறத்தாழ 1950 வரை வழக்கிலிருந்த படச்சுருள் எளிதில் தீப்பற்றும் இயல்பினது. பின்னர் வந்த சுருளோ வெப்பத்தாலும் ஈரத்தாலும் புளித்த நாற்றமெடுத்துச் சுருங்கிச் சிதைவது. சுருளிலுள்ள வெள்ளியைப் பிரித்தெடுப்பதற்காக அழிக்கப்பட்டனவும் உண்டு. நம் நாட்டில் இவற்றுடன் மனிதர் இட்ட தீயும் சேர்ந்தது. 1983 யூலைக் கலவரத்தில் ஹெந்தளையிலிருந்த விஜயா ஸ்டூடியோ எரிக்கப்பட்டபோது பல படங்களின் சுருள்கள் சாம்பலாயின.

இரண்டாம் வகையைச் சேர்ந்தன ஈழத்துத் தமிழ்ப்படங்கள் பல. கட்டடக் கலைஞர் வீ. எஸ். துரைராசா தயாரித்த 'குத்துவிளக்கு' 1972இல் வெளிவந்தது. சிங்களத் திரையுலகின் பெரு நெறியாளருள் ஒருவரான தர்மசேன பத்திராஜ, யாழ்ப்பாணச் சமூகத்தின் சாதிக் கட்டையும் சீதனக் கட்டையும் பொருளாகக் கொண்டு, காவலூர் இராசதுரையின் எழுத்தை 'பொன்மணி' என்னும் படமாக 1977இல் உருவாக்கினார். அது படமாளிகைகளில் நெடுநாள் ஓடவில்லை. ஈழத்துத் திரைப்பட வரலாறு எழுதுவோர் அனைவரும் அதனைக் குறிப்பிடுகின்றனர். அதனைக் காணும் வாய்ப்போ விழாக்களிலும் சிறப்புக் காட்சிகளிலும் எப்போதாவது வாய்ப்பதாயிற்று.

மூன்றாம் வகையே நம் ஆராய்ச்சிக்கு உரியது. முதலிரு வகைகளிலும் குறை காலத்தின் மேலும் பிறர் மேலும் நிற்கின்றது. மூன்றாம் வகையில் அது நம்மேல் நிற்கின்றது. அன்றியும், இம்மூன்றும் தனித்தனி வகைகள் போலத் தோன்றினும் உண்மையில் ஒரே வழியின் மூன்று படிகளேயாம். ஏட்டுச்சுவடியின் வரலாறு இதனைத் தெளிவிக்கும். பனையோலை நெடுங்காலம் நிலைப்பதன்று. சில தலைமுறைக்கு ஒருமுறை புதிய ஏட்டிற் படியெடுத்தாலன்றி நூல் வாழாது. ஓதுவார் உள்ள நூலையே ஏடெழுதுவோர் படியெடுத்தனர். ஓதுவார் ஒழிந்த நூலைப் படியெடுப்பாரும் ஒழிந்தனர். பின்பு செல்லுக்கு இரையாயிற்று. ஆகவே, செல்லரித்தமையால் மட்டும் நூல்கள் அழிந்தன என்பது அரைகுறை உண்மை. ஓதாமையே அழிவின் முதற்படி. சி. வை. தாமோதரம்பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் தேடி எடுத்த நூல்கள், யாரோ சிலர் ஓதிக்கொண்டும் பேணிக்கொண்டும் இருந்தமையால் அவர்கள் கைக்கு எட்டின. திரைப்படத்திற்கும் இவ்விதி பொருந்தும். காண்பார் இல்லாத படத்திற்குப் புதுப்படி எடுப்பார் இல்லை. படி இல்லாத படம் அரிதாகும். அரிதான படம் ஒருநாள் அழியும். மூன்றாம் வகை இரண்டாம் வகையாகி, இரண்டாம் வகை முதல் வகையாகும்.

இவ்வுண்மையைத் தம் வாழ்நாளிலே கண்டு வருந்திய நெறியாளர் ஒருவர் நம் வாவிக்கரையிற் பிறந்தவர். பாலு மகேந்திரா 1939ஆம் ஆண்டு மட்டக்களப்பு நகரை அடுத்த அமிர்தகழியிற் பிறந்தார். இந்தியா சென்று பூனாத் திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு பயின்று 1969இல் வெளியேறினார். மலையாளத்தில் 'நெல்லு' என்னும் படத்தால் ஒளிப்பதிவாளராகப் புகழெய்தி, கன்னடத்தில் 1977இல் 'கோகிலா'வை நெறிப்படுத்தி, 1979இல் 'அழியாத கோலங்கள்' வாயிலாகத் தமிழில் நெறியாளரானார். 1982இல் வெளியான 'மூன்றாம் பிறை' அவர் பெயரைத் தமிழ் வழங்கும் இடமெல்லாம் பரப்பிற்று. 2014 பெப்ரவரி 13இல் சென்னையில் மறைந்தார். தம் படங்கள் சிலவற்றின் மூலச் சுருள்களே அழிந்து விட்டன என்பதை அவர் ஆற்றாமையுடன் கூறி, தமிழ்நாட்டில் திரைப்படக் காப்பகம் ஒன்று வேண்டுமென்று இறுதிவரை வற்புறுத்தி வந்தார். அவ்வாறு மூலம் இழந்தனவாக அவர் குறித்தவற்றுள் 'வீடு', 'சந்தியா ராகம்' என்னும் இரண்டும் அடங்கும். அவர் தம் சிறந்த படைப்புகளாகக் கருதியவையும் இவ்விரண்டே.

மட்டக்களப்பு மாந்தர் பாலு மகேந்திராவை நம்மவர் என்று உரிமை பாராட்டத் தயங்குவதில்லை. 'மூன்றாம் பிறை'யைப் பலர் பன்முறை கண்டுள்ளனர். அதன் பாடல்களை அறியாதார் அரியர். ஆயின் 'வீடு' கண்டவர் யார் என்று கேட்டால் அவையில் மௌனம் நிலவும். "நல்ல படமாம்", "விருது பெற்ற படம்", "பார்க்க வேண்டும் என்று நினைத்திருக்கிறேன்" என்னும் விடைகளே வரும். 1988இல் வெளிவந்த அப்படம் சிறந்த தமிழ்ப்படத்திற்கான இந்திய தேசிய விருதைப் பெற்றது. அதில் நடித்த அர்ச்சனா சிறந்த நடிகைக்கான விருதைப் பெற்றார். இணையத்தின் வழியாகக் கைத்தொலைபேசியிலேயே காணக்கூடிய இக்காலத்தும் அதனைக் காணாமைக்குக் கூறப்படும் காரணங்கள் யாவை? அவற்றை ஒவ்வொன்றாக நோக்குவாம்.

கதை முன்பே தெரியும் என்பது முதற் காரணம். வீடு கட்ட முனைந்த ஒருத்தி படும் துன்பமே கதை எனப் பலரும் அறிவர். அறிந்தபின் காண்பதற்கு என்ன உளது என்பர். இவ்வாறு கூறுவது நம் மண்ணின் மரபிற்கே முரணானது. கூத்துக் களரியைச் சூழ்ந்து விடியும்வரை அமர்ந்திருப்போருள் கதை தெரியாதார் யார்? பாண்டவர் கதையும் இராமன் கதையும் குழந்தைக்கும் தெரியும். அண்ணாவியாரின் மத்தளம் முழங்க, சதங்கை ஒலிக்கக் கூத்தர் வரும்போது, அடுத்து என்ன நிகழும் என்று எவரும் கேட்பதில்லை. எவ்வாறு ஆடுகின்றனர் என்றே நோக்குவர். வைகாசித் திங்களில் கண்ணகை அம்மன் கோயில்களில் வழக்குரை பாடும்போது, கோவலன் கொலையுண்பான் என்பதை அறியாது யாரும் அங்கு அமர்வதில்லை. அறிந்தே ஆண்டுதோறும் கேட்கின்றனர். கேட்டுக் கண்ணீர் விடுகின்றனர். மெய்ப்பாட்டின் இயல்பு, கண்ணாலும் செவியாலும் நுணுகி உணரும் ஆற்றலுடையார்க்கன்றிப் பிறர்க்குப் புலப்படாது என்பது தொல்காப்பியர் கொள்கை. கதைச் சுருக்கத்தைக் கேட்டவன் செய்தியைப் பெற்றான், மெய்ப்பாட்டைப் பெற்றானல்லன்.

இத்தகைய படங்கள் மெதுவாகச் செல்வன, பொறுமை வேண்டும் என்பது இரண்டாம் காரணம். விருது என்னும் சொல்லே அச்சத்தைத் தருவதாயிற்று. மருந்து நல்லது என்று தெரிந்தும் குடியாதவன் போல நம்மவர் விருதுப் படத்தை ஒதுக்குகின்றனர். இரவு முழுவதும் வடமோடியும் தென்மோடியும் கண்டு பழகிய மக்களுக்கு இரண்டு மணி நேரப் படத்திற்குப் பொறுமை இல்லை என்பது பொருந்தாக் கூற்று. நமக்கு இல்லாதது பொறுமையன்று; இடையிடையே எழுந்து செல்லாமலும் வேறொன்றை நோக்காமலும் ஒன்றின்கண் மனத்தை நிறுத்தும் பழக்கமே.

மூன்றாம் காரணம் வியப்பிற்குரியது. மதிப்பு மிகுதியினாலேயே பலர் காண்பதில்லை. தக்க பொழுது வரட்டும், மனம் அமைதியாக இருக்கும் நாளிற் காண்போம் என்று தள்ளி வைக்கின்றனர். காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகளாரின் 'யாழ்நூல்' 1947இல் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடிகளாருக்குச் சிலைகள் எழுந்தன, விழாக்கள் நிகழ்கின்றன, விழா தவறாது 'யாழ்நூல்' என்னும் பெயர் ஒலிக்கின்றது. அந்நூலின் பக்கங்களைத் திருப்பியோர் அவ்விழாவிற் கூடியோருள் எத்துணையர்? பூசையறையில் வைத்த நூலும் பெட்டகத்தில் வைத்த நகையும் பயன்படாமையில் ஒக்கும். வணக்கம் செலுத்துவதனால் வாசிக்கும் கடன் தீர்ந்துவிட்டது என்று மனம் அமைதி கொள்கின்றது.

எப்போதும் காணலாமே என்பது நான்காம் காரணம். படமாளிகையிற் படம் ஓடிய காலத்தில், இன்று விட்டால் நாளை இல்லை என்னும் நினைவு மக்களை விரைவித்தது. கையிலுள்ள கருவியிலே படம் உறங்கும் காலத்தில் அவ்விரைவு ஒழிந்தது. எப்போதும் செய்யத்தக்கது எப்போதும் செய்யப்படாமற் போவது உலகியல்பு.

இனிப் படத்தை நோக்குவாம். சுதா என்பாள் சென்னையில் அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கும் பெண். ஓய்வு பெற்ற சங்கீத ஆசிரியராகிய பாட்டனோடும் தங்கை இந்துவோடும் வாடகை வீட்டில் வாழ்கின்றாள். வீட்டுக்காரர் வெளியேறச் சொல்கின்றார். வேறு வாடகை வீடு தேடி அலைந்தும் அவள் வருமானத்துக்கு ஏற்ற வீடு அமையவில்லை. பாட்டனுக்கு வளசரவாக்கத்தில் இரண்டு மனைநிலங்கள் உண்டு. அலுவலகத்து மூத்தவர் ஒருவர் தூண்ட, ஒன்றை விற்று மற்றொன்றில் வீடு கட்டத் துணிகின்றாள். கடன் பெறுதல், அனுமதி பெறுதல், கொந்தராத்துக்காரரை அமர்த்துதல் என்று ஒவ்வொரு படியிலும் ஓர் இடர் எழுகின்றது. சீமெந்து திருடப்படுவதைக் கண்ட மங்கம்மா என்னும் கூலிப்பெண் துணிந்து உண்மையைச் சொல்ல, கொந்தராத்துக்காரர் வேலையை விட்டுச் செல்கின்றார். சுதாவும் அவளை மணக்கவிருக்கும் கோபியும் மங்கம்மாவின் துணையோடு வேலையைத் தொடர்கின்றனர்.

இக்கதையில் வீரச் செயல் இல்லை, பாடல் இல்லை, ஆடல் இல்லை. இளையராஜாவின் 'ஹௌ டு நேம் இட்' என்னும் இசைத்தொகுதியினின்று எடுத்த இசை ஆங்காங்கு வருகின்றது. நெறியாள்கையோடு ஒளிப்பதிவும் படத்தொகுப்பும் பாலு மகேந்திராவுடையன. அதனால் படம் ஒரே கண்ணால் நோக்கியது போன்ற ஒருமை பெற்றுள்ளது. ஒளியை அவர் இயற்கையிலே பெறுகின்றார். சன்னலூடே வரும் பகல் வெளிச்சத்தில் அடுக்களையும் கூடமும் நாம் வாழும் வீடு போலவே காட்சி தருகின்றன. அர்ச்சனாவின் முகத்தில் ஒப்பனை தோன்றவில்லை, களைப்பே தோன்றுகின்றது. எண்வகை மெய்ப்பாட்டினுள் இளிவரல் என்பதனைத் தமிழ்த் திரைப்படம் பெரும்பாலும் நகைச்சுவைக்கே பயன்படுத்தி வந்துள்ளது. கடன் கேட்டு நிற்கும் ஒருத்தியின் தாழ்வை, ஓங்கிய குரலின்றி, குனிந்த பார்வையாலேயே உணர்த்தும் இப்படம் அம்மெய்ப்பாட்டிற்கு உரிய பெருமையை அளித்துள்ளது.

படத்தின் உயிரெனத்தக்க பகுதி பாட்டன் வீட்டைக் காணச் செல்வதாகும். முதிய நாடகக் கலைஞராகிய சொக்கலிங்க பாகவதர் அப்பாத்திரமாகவே வாழ்ந்துள்ளார். முற்றுப்பெறாத கட்டடத்தைத் தம் கண்ணாற் காண வேண்டுமென்னும் ஆசையாற் கிழவர் தனியே புறப்படுகின்றார். வெயிலில் நடந்து சேர்கின்றார். பூசப்படாத சுவர்களினூடே ஒவ்வோர் அறையாக நுழைந்து பார்க்கின்றார்; சுவரைத் தொட்டு மகிழ்கின்றார். அவரது மகிழ்ச்சியை விளக்க ஒருவரும் அங்கில்லை, உரையாடலுக்கும் இடமில்லை. திரும்பும் வழியில் வீழ்ந்து இறக்கின்றார். இவ்வளவே நிகழ்ச்சி. இதனை இங்ஙனம் எழுதும்போது மூன்று வரிகளில் முடிந்து விடுகின்றது. திரையில் அது நிகழும்போது, ஒரு வாழ்நாளின் ஆசை முழுவதும் ஒரு கிழவரின் விரல் நுனியில் வந்து நிற்பதைக் காண்கின்றோம். கதை தெரியும் என்பார் இழப்பது இதனையே.

பாட்டன் இறந்தபின் பேரிடி விழுகின்றது. அந்நிலம் குடிநீர்த் துறையாற் பொதுத்தேவைக்கு முன்பே எடுக்கப்பட்டது என்று ஓர் அலுவலர் வந்து கூறுகின்றார். அனுமதி அளித்த அலுவலகம் வேறு. நிலத்தை எடுத்த அலுவலகம் வேறு. ஒன்று செய்ததை மற்றொன்று அறியவில்லை. நீதிமன்றத்தை நாடிக் காத்திருக்கும் நிலையிலே படம் முடிகின்றது. இம்முடிவு திடீரென ஒட்ட வைத்தது போல உள்ளது என்று கூறுவாரும் உளர். அஃது ஏற்கத்தக்கதன்று. தொடக்கம் முதலே ஒவ்வோர் இடரும் தாள்களினூடேயும் கையொப்பங்களினூடேயுமே வருகின்றது. இறுதி இடரும் அவ்வழியே வருகின்றது. பழங்காப்பியத்தில் ஊழ் உருத்து வந்து ஊட்டியது. இக்காப்பியத்தில் ஊழின் இடத்தில் அலுவலகம் அமர்ந்துள்ளது. ஊழேனும் முன்வினை பற்றியது; இவ்விடர்க்குச் சுதா செய்த வினை ஒன்றுமில்லை.

படம் குறையற்றதன்று. கடன் கொடுக்கும் மேலதிகாரி அவள்பால் தகாத எண்ணங் கொள்ளும் பகுதி பிற படங்களிற் பலமுறை வந்த அச்சிலேயே அமைந்துள்ளது. கொந்தராத்துக்காரர் ஏமாற்றுபவர் என்பதற்கு அப்பால் அவருக்கென ஒரு மனம் காட்டப்படவில்லை. சுதாவுக்கும் கோபிக்கும் இடையே தோன்றும் மனக்கசப்பு போதிய காரணமின்றி எழுந்து விரைவில் அடங்குகின்றது. இக்குறைகளைக் கண்டு கூறுதலும் படத்தைப் பார்த்தவர்க்கே இயலும். காணாது போற்றுவோரால் ஒரு படைப்பைக் குறைகூறவும் இயலாது. ஆகவே அவர்தம் புகழ்ச்சியும் எடையற்றது.

சென்னையிலே நிகழும் இக்கதைக்கும் வாவிக்கரைக்கும் என்ன உறவு என்று வினவலாம். தம் சிறுபருவத்தில் தம் குடும்பத்தார் வீடு கட்டத் தொடங்கியபின், அதுவரை சிரித்த முகத்தோடிருந்த தாயாரின் சிரிப்பு மறைந்து போனதைக் கண்ட நினைவே இப்படத்தின் வித்து என்று பாலு மகேந்திரா கூறியுள்ளார். ஆகவே வளசரவாக்கத்து மனைநிலத்தில் எழும் சுவர்களின் அத்திவாரம் மட்டக்களப்பிலே உள்ளது. இவ்வுறவு அவருடைய நினைவோடு நின்று விடுவதுமன்று. மட்டக்களப்புப் பகுதியில் வீடும் வளவும் பெண்வழியே செல்வன. மூத்த மகளுக்கு இருந்த வீட்டைச் சீதனமாகக் கொடுத்துவிட்டு, பெற்றோர் இளைய பெண்களோடு பக்கத்திலே வேறு வீடமைத்துச் செல்வதும், அதுவும் அடுத்த மகளுக்கு ஆவதும் நெடுங்கால வழக்கு. தமிழரும் முஸ்லிம்களும் இவ்வழக்கில் ஒத்தவர்கள். எனவே வீடு கட்டுதல் என்பது இங்கே ஒரு குடும்பத்தின் வாழ்நாட் கடன். பெண்ணின் மணவாழ்வு அதன்மேல் நிற்கின்றது. தந்தையின் வேளாண்மையும் தமையனின் உழைப்பும் அச்சுவர்களிற் புகுகின்றன. அண்மைக் காலத்தில், தன் வீட்டைத் தானே கட்டுவதற்காகப் பெண்ணே மத்திய கிழக்கு நாடுகளுக்குச் சென்று பிறர் வீட்டில் வேலை செய்கின்றாள். சுதாவின் கதையை இவர்களினும் நன்கு உணர்தற்கு உரியார் யார்?

மேலும், இப்பகுதியார் வீடிழந்த துயரையும் மீண்டும் மீண்டும் கண்டவர்கள். 1978 நவம்பர் 23ஆம் நாளிரவு வீசிய சூறாவளி கூரைகளைப் பறித்துத் தென்னஞ் சோலைகளைச் சாய்த்தது. முப்பதாண்டளவும் நீடித்து 2009இல் முடிந்த போர் ஊர்களையே பெயர்த்தது. 2004 டிசம்பர் 26ஆம் நாட்காலை எழுந்த ஆழிப்பேரலை நாவலடியிலும் கல்லடிக் கடற்கரையிலும் வீடுகளை அத்திவாரத்தோடு கொண்டு சென்றது. பின்னர் வீட்டுத்திட்டங்கள் வந்தன. அவற்றுடன் படிவங்களும், கையொப்பங்களும், இது யாருடைய காணி என்னும் வினாவும் வந்தன. பூச்சுக் காணாத சுவர்களும், கதவில்லாத நிலைகளும் நம் ஒழுங்கைகளில் நாம் நாள்தோறும் காண்பன. கிழவர் தொட்டு மகிழ்ந்த சுவரை இம்மக்கள் தம் சுவராகவே காண்பர். அமிர்தகழியின் மைந்தர் தம் தாயாரின் சிரிப்பிழந்த முகத்தினின்று படைத்த இப்படத்தை, அவர் பிறந்த ஊரார் பெயரளவிற் போற்றிக் காணாது விடுவது நன்கொடையைப் பெற்றுக்கொண்டு திறந்து பாராமல் மூலையில் வைப்பது போலாகும்.

'சந்தியா ராகம்' பற்றியும் ஒரு சொல். 1989இல் உருவான அப்படத்திலும் சொக்கலிங்க பாகவதரே தலைமைப் பாத்திரம். மனைவியை இழந்த முதியவர் ஊரைவிட்டுச் சென்னைக்கு வந்து, தம்பி மகனின் வறிய இல்லத்திற் சேர்கின்றார். கொடியவர் எவரும் அவ்வீட்டில் இல்லை. இடமும் பணமும் போதாமையே அங்குள்ள கொடுமை. முதியவர் முதியோர் இல்லத்தைத் தாமே நாடுகின்றார். பிள்ளைகள் கடல் கடந்து வாழப் பெற்றோர் தனித்திருக்கும் இல்லங்கள் பெருகிவிட்ட இந்நாளில், இப்படத்தின் பொருள் முன்னினும் விரிந்துள்ளது. 'வீடு' கண்டவர் இதனையும் தொடர்ந்து காணுதல் நன்று.

இந்நிலையில் செய்யத்தக்கன சில எளியன. கல்லூரித் தமிழ் மன்றங்கள் ஆண்டுக்கு இரண்டு படங்களையேனும் கூடியிருந்து காண ஒழுங்கு செய்தல் வேண்டும். தனித்துக் காணும்போது சிதறும் மனம் அவையோடு காணும்போது ஒருமுகப்படும். கூத்து நமக்குக் கற்பித்த பாடம் இது. கண்டபின் அரைமணி நேரமேனும் கலந்துரையாடுதல் வேண்டும். கட்டுரை எழுதும் மாணவர், தாம் கண்ட படம் எது, கேள்வியால் அறிந்தது எது என்பதைப் பிரித்துக் கூறும் நேர்மையை மேற்கொள்ளுதல் வேண்டும். ஒரு நூலைப் படியாது அதன் உரையை மட்டும் படித்தவன் புலவனாகான் என்பதை ஏற்கும் நாம், திரைப்படத்திற்கு மட்டும் வேறு விதி வகுத்தல் தகாது.

பெயர் நிலைத்திருப்பதனாற் கலை நிலைத்திருக்கும் என்று எண்ணுவது மயக்கம். குண்டலகேசியின் பெயர் இன்றும் நிலைத்துள்ளது. விருதுப் பட்டியலில் 'வீடு' என்னும் பெயரும் எந்நாளும் இருக்கும். மூலச் சுருள் அழிந்தபின் எஞ்சிய படிகளே அப்படத்தின் ஏடுகள். அவற்றை வாழ வைப்பது விருதன்று, காண்பவர் கண்ணேயாம். பின்வரும் தலைமுறை மாணவன் தமிழ்ப் படங்களின் பெயரை வரிசையாக ஒப்பிக்கும்போது, அவ்வரிசையுள் 'வீடு' சிலப்பதிகாரத்தின் பக்கத்தில் நிற்குமா, வளையாபதியின் பக்கத்தில் நிற்குமா என்பது இன்று காண்பவரையும் காணாது விடுபவரையும் பொறுத்தது.